சுவரோரக் கட்டில்

தண்ணீர் கொடுக்காமலே மாமியாரைக் காயப்போட்டாள் என்று வாய் கூசாமல் சொல்கிறார்களே, அவர்களில் ஒருவராவது அந்த வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்ததுண்டா? வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கதைக்குக் கண்ணும் மூக்கும் வைத்தவர்கள்தான் எல்லோரும். கிழவியைச் சலவைக்கடைத் துணி வண்டியில் உட்காரவைத்து எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாளாம். வண்டியில் உட்காரவைத்தது உண்மை. மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுத் தையல்காரி ஜன்னலில் உட்கார்ந்து தைத்தது. அளவு எடுக்காமல் தைத்தால் எந்தச் சட்டையும் யாருக்கும் பொருந்தாது. நடந்தது என்னவென்று கேட்கப் பொறுமை இருந்தால் உட்காருங்கள். இல்லையென்றால் அந்த ஜன்னலுக்கே போங்கள், அங்கே சூடு ஆறாமல் கிடைக்கும்.

அவளுக்குத் தெருவில் இஸ்திரிக்காரி என்றுதான் பெயர். தெருமுனைச் சலவைக்கடையில் காலையில் நிற்க ஆரம்பித்தால் தெருவிளக்கு எரிகிறவரை துணி தேய்ப்பாள். உட்கார ஒரு நாற்காலி உண்டு; அதில் எப்போதும் துணிதான் உட்கார்ந்திருக்கும். துணி காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்க மாட்டாள். எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். சூட்டில் கிடந்து கிடந்து மரத்துப்போன விரல் எதையாவது சொல்லும், கன்னம் சரியாகச் சொல்லும் என்பது அவள் நம்பிக்கை. கடைக்காரருக்கும் அதுதான் நம்பிக்கை. மழைக்காலத்தில் ஏதாவது துணியில் சந்தேகம் வந்தால், "அந்தக் கன்னத்தைக் கொஞ்சம் இப்படிக் கொண்டாம்மா" என்று கூப்பிடுவார்.

புருஷன் லாரி ஓட்டுகிறவன். சுமை ஏற்றிக்கொண்டு போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அதனால் அந்தக் கீழ்வீட்டின் இரண்டு அறைகளில் இருந்தது மாமியாரும் மருமகளும்தான். மாடியில் வீட்டுக்காரம்மா. மாமியார் மகா சுத்தக்காரி. கழுவின டம்ளரைத் திரும்பக் கழுவுவாள். கூட்டின இடத்தைத் திரும்பக் கூட்டுவாள். மருமகள் ஒரு வேலையைச் செய்தால் குறை, செய்யாவிட்டால் அதைவிடப் பெரிய குறை. "பெட்டிச் சூட்டையெல்லாம் கடையிலேயே எறக்கி வச்சிட்டு வாடி" என்பாள். இவளும் சும்மா இருக்கிறவள் இல்லை. "சூடு கொறைஞ்சா உங்க சுருக்கத்தையெல்லாம் யாரு அத்தை நீவி விடறது?" என்பாள். வெளியே நின்று கேட்டால் சண்டை. உள்ளே போய்ப் பார்த்தால், ஒருத்தி வராமல் மற்றவள் சாப்பாட்டில் கை வைக்கமாட்டாள்.

அப்படி இருந்த கிழவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு கூடிவிட்டது, விழுந்த பயம் மட்டும் போகவில்லை. கட்டிலிலிருந்தும் விழுந்துவிடுவோமோ என்று இரும்புக் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னாள். சுவருக்கு முதுகைக் கொடுத்துப் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

அந்தச் சுவரில் முன்பே ஒரு கறை உண்டு. நேர் மேலே வீட்டுக்காரம்மாவின் குளியலறை. முதலில் உள்ளங்கை அளவுக்கு இருந்த கறை முறம் அளவுக்கு விரிந்தது. பெயிண்ட் கொப்புளித்து உதிர்ந்தது, உதிர்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது, மூலையில் கரும்புள்ளி கூட்டமாக உட்கார்ந்தது. மருமகள் சொல்லிச் சொல்லி ஒருநாள் வீட்டுக்காரம்மா பெயிண்டரை அனுப்பிவைத்தாள். அவர் சுரண்டி, பட்டி பார்த்து, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டாத பிளாஸ்டிக் பெயிண்டை இரண்டு பூச்சு அடித்தார். சுவர் பளபளவென்று ஆகிவிட்டது. பெயிண்டர் நல்ல மனுஷர். படுத்திருக்கிற கிழவியை எதற்கு எழுப்ப வேண்டும் என்று கட்டிலுக்குப் பின்னால் மறைந்திருந்த பட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடித்தார். எல்லாப் பக்கமும் வாயை அடைத்துவிட்டு அந்த ஒரு பட்டையைத் திறந்து விட்டால், உள்ளே இருக்கிற தண்ணீர் எந்த வழியாக வரும்? அப்போது அதை யாரும் யோசிக்கவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு காலை கிழவி எழுந்து உட்கார்ந்தபோது விரிப்பு நனைந்திருந்தது. முதுகுப் பக்கம், இடுப்புக்குக் கீழே.

அந்த வயதில் ஒருத்தி நனைந்த விரிப்பில் கண் விழித்தால் என்ன நினைப்பாள்? சுவரையா நினைப்பாள்? கிழவி ஒன்றும் சொல்லாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். மருமகள் விரிப்பை மாற்ற வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருமகளும் பார்த்தும் பாராதவள்போல் மாற்றினாள். அவளும் அதையேதான் நினைத்தாள். வாய்விட்டுப் பேசியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஆனால் அது பேசுகிற விஷயமா? மறுநாளும் நனைந்தது. அதற்கு மறுநாளும். அறையில் ஒரு வாடை சேர்ந்தது. நாளுக்கு நாள் மாமியாரும் மருமகளும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமலே துணி மாற்றப் பழகிக்கொண்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்துக் கிழவியின் மூத்த மகனும் அவன் மனைவியும் வந்தார்கள். மூத்த மருமகள் அறைக்குள் கால் வைத்ததுமே மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மகன் முன்னறையில் நின்று பேசியது கதவுக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த கிழவிக்கு நன்றாகவே கேட்டது. அம்மாவுக்கு இனிமேல் கட்டுப்பாடு இருக்காது, துணி தேய்க்கப் போகிறவள் எத்தனை நாள் பார்ப்பாள், இப்படியே நனைத்துக்கொண்டிருந்தால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவதுதான் மரியாதை என்றான். சின்ன மகன் லாரியில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தான். அவனிடம் ஃபோனில் கேட்டதற்கு, அண்ணன் சொன்னால் சரி என்றானாம்.

கிழவியோடு கூடப்பிறந்த அக்கா அப்படி ஓர் இல்லத்துக்குத்தான் போனாள். போகும்போது வண்டி ஜன்னலில் கையை ஆட்டினாள். அந்தக் கையைத்தான் கடைசியாகப் பார்த்தது.

அன்றைக்கே கிழவி தண்ணீரைக் குறைத்தாள். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. கொண்டுவந்து வைத்த சொம்பு வைத்தபடியே இருக்கும். மருமகள் வேலைக்குப் போனதும் மெல்ல எழுந்து அதை முற்றத்தில் கொட்டிவிடுவாள். இந்தச் சமயத்தில்தான் மாடி வீட்டுக்காரம்மா மகளுக்குப் பிரசவம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள். அவள் போன சில நாளில் கிழவியின் விரிப்பு உலர்ந்துவிட்டது. மேலே குளிக்க ஆள் இல்லை, கீழே நனையவில்லை. ஆனால் கிழவிக்குத் தெரிந்தது ஒன்றுதான். தண்ணீர் குடிக்கவில்லை, நனையவில்லை. தான் கண்டுபிடித்த வைத்தியம் பலித்துவிட்டது என்று அவள் மனசுக்குள்ளேயே சிரித்துக்கொண்டாளாம். இதெல்லாம் பிறகு அவளே சொன்னது.

வீட்டுக்காரம்மா பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மறுபடியும் விரிப்பு நனைந்தது. கிழவி என்ன செய்வாள்? இன்னும் குறைத்தாள். மாத்திரை முழுங்க ஒரு மடக்கு, அதுவும் மருமகள் கண்ணெதிரே நின்றால். அதற்குமேல் உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி.

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் கையால் கொடுப்பது பிடிக்கவில்லையோ, இல்லத்துப் பேச்சில் தனக்கும் பங்கு என்று நினைத்துக் கோபமாக இருக்கிறாளோ என்று தவித்தாள். கிழவிக்கு வாய் உலர்ந்து, பேச்சு குளறி, எழுந்தால் தலை சுற்றியது. பக்கத்து வீட்டுத் தையல்காரி ஒருநாள் பகலில் எட்டிப் பார்த்து, உதடு வெடித்துக் கிடக்கிறதே என்று தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கிழவி பயந்துபோனாள். வாங்கினால் குடிக்கவேண்டும், குடித்தால் நனையும். வாய்க்கு வந்த சாக்கைச் சொல்லிவிட்டாள். "வேண்டாம்மா. மருமக வந்தா திட்டுவா."

போதாதா? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. சலவைக்கடைக்குத் துணி போட வந்தவர்கள்கூட இவளை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். ஏன் என்று இவளுக்குத் தெரியாது.

ஒரு காலை கிழவி கூப்பிட்டதற்குப் பதில் சொல்லவில்லை. கண் செருகியிருந்தது. இவள் அலறியடித்துக்கொண்டு தையல்காரியைத் துணைக்குக் கூப்பிட்டு, வண்டி பிடித்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் கிழவியின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் கிள்ளினபடியே நின்றது, இறங்கவில்லை. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "வீட்ல இவங்களுக்குத் தண்ணி கொடுக்கிறது யாரு?" என்று கேட்டார். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரி ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள். அந்த ஓர் அடியில்தான் இவளுக்குத் தெருவில் தனக்கு என்ன பெயர் என்று விளங்கியது.

குளுக்கோஸ் ஏற்றி, இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இவள் கெஞ்சினாள், மிரட்டினாள், அழுதாள். கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். இல்லத்தில் கொண்டுபோய் விடுவதற்குப் பதில் இங்கேயே போய்விட்டால் நல்லது என்று அவள் முடிவே செய்துவிட்டாள் போல. மாமியார் தன் கண்ணெதிரே காய்ந்து போகிறாள். எதனால் என்று தெரியாமல் துணி தேய்க்கிறவள் எப்படித் தேய்ப்பாள்? அந்த நாட்களில் கடையில் ஒரு வெள்ளைச் சட்டையையே கருக்கிவிட்டாள்.

கிழவியின் விரிப்புகளை அவள் கடையிலேயே கடைசியாகத் தேய்ப்பாள், யாரும் பார்க்காத நேரமாக. அன்றைக்கு ஈரம் அரைகுறையாக இருந்த விரிப்பை, துவைக்க மறந்து, அப்படியே பலகையில் விரித்துப் பெட்டியை வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான் நினைவு வந்தது. குழந்தைகள் நனைத்த துணி அவள் கையில் எத்தனையோ வந்திருக்கிறது. சரியாக அலசாத துணியில் சூடு பட்டால் போதும், கடையே மூக்கைப் பிடிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். அந்த நாற்றம் வரவில்லை. வந்தது வேறு வாடை. நனைந்த சுண்ணாம்பின் வாடை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக மாவுபோல ஒட்டியிருந்தது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இது மாமியாருடையது இல்லை என்றால், இத்தனை நாளும் அந்தப் படுக்கையில் அவளோடு படுத்திருந்தது என்ன?

கடைக்காரரிடம் சொல்லிக்கொள்ளாமல்கூட வீட்டுக்கு ஓடினாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கையைச் செருகினாள். விரல் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலில் ஏறி மண்டியிட்டு, கிழவியின் தலைக்கு மேலாகக் குனிந்து கன்னத்தைச் சுவரில் வைத்தாள். பளபளப்பான இடம் உலர்ந்திருந்தது. அதற்குக் கீழே, பெயிண்டர் விட்டுவிட்டுப் போன பட்டையில், கன்னம் சில்லென்று ஒட்டியது. எடுத்தபோது பாதிச் சுண்ணாம்பு கன்னத்தோடு வந்தது. ஜன்னல் வழியாகத் தையல்காரி பார்த்தது இதைத்தான். சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிழவிமேல் ஏறி நின்றாள், மூஞ்சியெல்லாம் வெள்ளையாகப் பேய்மாதிரி இருந்தாள் என்று சொன்னாளே, அது இது.

அப்போதும் அவள் அவசரப்படவில்லை. மழைக்காலத்தில் அடைத்த அறையில் மூச்சுக்காற்றாலும் சுவர் வியர்க்கும் என்று அவளுக்குத் தெரியும். கடையிலிருந்து சட்டை போடுகிற பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொண்டுவந்து, கிழித்து விரித்து, அந்தப் பட்டைமேல் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டினாள். அரைகுறையாய்க் காய்ந்த சட்டையை உறைக்குள் போட்டால் உறை எந்தப் பக்கம் வியர்க்கும் என்று கடைக்காரரிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டவள் அவள். அறைக் காற்றில் ஈரம் இருந்தால் உறையின் வெளிப்பக்கம் நனையும். சுவருக்குள் இருந்தால் உட்பக்கம். மறுநாள் வெளிப்பக்கத்தைத் தடவினாள், காகிதம்போல உலர்ந்திருந்தது. உள்ளே முத்து முத்தாக நீர் கோத்து நின்றது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது மாடியில் யாரோ வாளியைக் கவிழ்த்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு முத்து பெருத்து, கனத்து, கீழே வழிந்தது.

உறையைப் பிரிக்கப் போனவளின் முழங்கை சுவிட்ச் போர்டுக்குக் கீழே பட்டது. சுருக்கென்று தோள்வரை ஏறியது. கையை உதறிக்கொண்டு நின்றவளுக்கு ஒரு நொடி என்ன நடந்ததென்றே புரியவில்லை. புரிந்ததும் கட்டிலைப் பார்த்தாள். ஈரச் சுவர். அதற்குள் வயர். சுவரோடு ஒட்டி இரும்புக் கட்டில். கட்டில்மேல் கிழவி. சலவைக்கடையில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடமே, ஈரமும் கரண்டும் ஒன்றாக இருக்கிற இடத்தில் நிற்காதே என்பதுதான். ஓடிப்போய் மெயினை அணைத்தாள். திரும்பி வந்து கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து, அதன்மேல் படுத்திருந்த மாமியாரோடு சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கட்டில் கிரீச்சிட்டுக்கொண்டு அறை நடுவுக்கு வந்தது. தரையில் சுவர்ப்பக்கக் கால்கள் இரண்டும் இருந்த இடத்தில் மட்டும் துருவட்டம் கிடந்தது. இத்தனை நாளும் அங்கேதான் கிடந்தது, யார் பார்த்தார்கள்?

கிழவி இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "விழுந்துருவேன்டி, விழுந்துருவேன்" என்று முனகினாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சுண்ணாம்பு வாடை, உறை, வாளிச் சத்தம், எல்லாம். கிழவி கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

"திரும்பத் தள்ளிப் போடுடி."

"ஏன் அத்தை?"

"இங்கயும் நனைஞ்சுட்டா? இப்போ சொவரா, நானான்னு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. அந்தச் சந்தேகத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் உசுரோட இருக்கேன். அதையும் புடுங்கிக்காதே."

நனைந்தால் இல்லம் என்ற பயத்தில்தான் மாமியார் தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் மருமகளுக்கு விளங்கியது. அவள் கட்டிலைத் திரும்பத் தள்ளவில்லை. இறங்குகிற பக்கம் தன் பாயைப் போட்டுக்கொண்டாள். விழுந்தால் என்மேல்தான் விழுவீர்கள், எனக்குத்தான் சேதாரம் என்றாள்.

மறுநாள் காலை கிழவிதான் முதலில் கையை விட்டுப் பார்த்தாள். விரிப்பு ஈரம்.

கிழவி அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கச் சுவர் இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். இவளுக்கோ தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நான்தானே இழுத்தேன், நான்தானே காட்டிக்கொடுத்தேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மாமியாரைப் பாயில் இறக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் விரிப்பை உருவிக் கன்னத்தில் வைத்தாள். ஈரம் ஒரு பக்கம் மட்டும் இல்லை, படுத்த இடம் முழுக்க மெல்லிய, சில்லென்ற ஈரம். ஆள் நனைத்தால் இப்படிப் பரவாது. மெத்தையை இரண்டு கையாலும் அமுக்கினாள். பஞ்சு மெத்தை, புளிப்பு ஏறிய மாவுமாதிரி அமுங்கிக் கையை ஈரமாக்கியது. தூக்கிப் பார்த்தாள், தூக்க முடியவில்லை. இத்தனை நாள் சுவர் குடித்ததையெல்லாம் மெத்தை குடித்து வைத்திருந்தது.

அதை இழுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் போட்டாள். கடையில் உலர்த்திச் சூடு ஆறாத கம்பளிகளை வாங்கிவந்து கட்டிலின் வெறும் பலகைமேல் அடுக்கி, மாமியாரைப் படுக்கவைத்தாள். அடுத்த காலை விரிப்பு உலர்ந்திருந்தது.

"நான்தான் தண்ணியே குடிக்கலையே" என்றாள் கிழவி. "காஞ்ச சொம்பைக் கவுத்து வச்சிட்டு ஒழுகலைன்னு சொல்ற மாதிரி இருக்குடி உன் பேச்சு."

சொன்னதிலும் நியாயம் இருந்தது. குடித்துவிட்டுப் படுத்தால்தான் தெரியும். அதற்குத்தான் அவள் பயந்து செத்தாள். மருமகள் அன்று முழுக்க டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றாள். கடைக்குப் போகவில்லை. கடைக்காரர் வாசலில் வந்து நின்று, தேய்க்க ஆள் இல்லாமல் ஊரே சுருங்கிக் கிடக்கிறது என்று புலம்பிவிட்டு, விஷயம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். போகும்போது, கடைக்கு மேலே துணி அடுக்குகிற அறை காலியாகத்தான் இருக்கிறது, கொதிகலன் சூட்டில் அங்கே பூனைக்குட்டிகூட ஈரமாக இருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கிழவி அரை டம்ளர் குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. விடிந்ததும் விரிப்பில் யார் முதலில் கையை விட்டுப் பார்ப்பது என்று இரண்டு பேரும் தயங்கினார்கள். பிறகு மருமகள் விட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது. கிழவி நம்பவில்லை. அரை டம்ளர் ஒரு கணக்கா என்றாள்.

வீட்டுக்காரம்மாவிடம் போனபோது அவள் மாடிப்படியிலேயே நிறுத்திவைத்துத் தேனொழுகப் பேசினாள். "ஏம்மா, இப்பதானே பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தேன். வயசானவங்க இருந்தா அப்படித்தான் இருக்கும். பழியை என் குழாய்மேல போடலாமா?" குளியலறை டைல்ஸை உடைக்க முடியாது என்றாள். மெயினை அணைத்து வைத்தால் மோட்டார் ஓடவில்லை, உடனே போடு என்றாள். பிடிக்காவிட்டால் காலி செய்துகொள் என்றும் சொன்னாள். இவள் கீழே இறங்கி வருவதற்குள் மூத்த மகனுக்கு ஃபோன் போய்விட்டது. உங்கள் அம்மா மெத்தையே நாறிப்போய் முற்றத்தில் கிடக்கிறது, மருமகள் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள், வந்து ஏதாவது செய்யுங்கள் என்று.

அவன் ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்தான். இல்லத்தில் எல்லாம் பேசிவிட்டானாம், கட்டில்கூட ஒதுக்கிவிட்டார்களாம். மூத்த மருமகள் காரைவிட்டு இறங்கவில்லை. இவள் உறையைக் காட்டினாள், மெத்தையைக் காட்டினாள், சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன் தொடவில்லை. ஷாக் அடிக்கும் என்றாயே, தொடு என்கிறாயே என்றான். மெயினை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன் என்றாள் இவள், அவன் காதில் வாங்கவில்லை. இவளுக்குச் சண்டை போடக்கூடப் பயமாக இருந்தது. சத்தம் போட்டால் இதற்குத்தான் சொன்னோம் என்பார்கள்.

"கெளம்பும்மா" என்றான் அவன்.

கிழவி கட்டிலைவிட்டு இறங்கினாள். யார் கையையும் பிடிக்காமல் கதவு நிலைவரை நடந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். காரின் பின்கதவு திறந்தே இருந்தது. அதைப் பார்த்தாள். அந்தக் கார் ஜன்னலிலிருந்து அக்காவின் கை ஆடுவது அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

"ஒரு சொம்புத் தண்ணி கொண்டாடி" என்றாள்.

மருமகள் கொண்டுவந்தாள். கிழவி அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். நடுவில் நின்றாள், இருமினாள், மறுபடியும் குடித்தாள். சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"இப்போ நான் சலவைக்கடை மாடியில போய்ப் படுக்கப் போறேன். இவகூட. நனைஞ்சா நானே உனக்கு ஃபோன் போடச் சொல்றேன், வந்து இல்லத்துல விடு, வாயைத் தொறக்க மாட்டேன். நனையலைன்னா இந்த ஊத்து எங்கேர்ந்து வருதுன்னு மேல போய்க் கேளு." பிறகு பக்கத்து ஜன்னலைப் பார்த்து, "தண்ணி வேண்டாம்னது நான். இவ திட்டுவான்னதும் நான் சொன்ன பொய்தான்" என்றாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரி தலையை நிமிர்த்திப் பார்த்தாள், வாய் அசைவதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் அன்றைக்குக் கண்டது கடைக்காரர் அனுப்பிய துணி வண்டி வாசலில் நின்றதையும், அதில் கம்பளியை விரித்துக் கிழவியை ஏற்றியதையும்தான். மூத்த மகன் திறந்த கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், சாத்துவதா வேண்டாமா என்று தெரியாமல்.

வண்டியில் ஏறுவதற்கு முன், வாசற்படியில் கால் வைக்கும்போது கிழவி மருமகளின் மணிக்கட்டை இறுக்கினாள். வளையல் உள்ளே அமுங்கி வலித்தது.

"அடியே" என்று காதோரம் கேட்டாள். "முழுச் சொம்பைக் குடிச்சிட்டேன். நெஜமாவே நான்தான்னு ஆயிட்டா?"

இவளுக்கும் அதே பயம்தான். அரை டம்ளருக்கு மேல் அவளும் பார்த்ததில்லை.

"ஆனா ஆகட்டும் அத்தை. துவைக்கிறதும் தேய்க்கிறதும் நான்தானே. படியைப் பார்த்து எறங்குங்க."

தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் கொடுத்து இறக்கினாள். இருட்டாகக் கிடந்த வீட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.